பதினைந்தாம் இலை

எண்ணத் தெரியாத உன் கையில் உளியைக் கொடுத்தவன் எவன்? உன் பேர் எனக்குத் தெரியாது. நீ குதிரையில் வந்த துரையா, துரைக்குப் பக்கத்தில் மைக்கூட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற நம்மூர் குமாஸ்தாவா, அதுவும் தெரியாது. ஆனால் நீ புங்கனேரிக்கு வந்தாய். புளியமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இந்த ஊரில் சண்டைக்குப் போய்ச் செத்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டாய், ஊர் சொல்லச் சொல்லக் கோடு போட்டாய், கடைசியாக ஒரு கேள்வி கேட்டாய். அதற்கு ஊர் சரியாகத்தான் பதில் சொன்னது. பதில் உன் காதில் விழுந்தது, ஆனால் நீ கேட்டுக்கொள்ளவில்லை. அந்தக் குறைக் கணக்கைக் கல்லில் வெட்டிச் சுவரில் பதித்துவிட்டு, கல் பொய் சொல்லாது என்று எங்களை நூறு வருஷம் நம்ப வைத்துவிட்டுப் போனாய்.

நான் முனிரத்தினம். படித்தவன் இல்லை. பாலாற்றில் மணல் வாரி, ஆம்பூர் தோல்ஷாப்பில் உப்பு உதறி, சைதாப்பேட்டை ரேடியோ செட்டுக் கடையில் அடி வாங்கிக்கொண்டே சாலிடரிங் கற்று, சொந்தமாக சவுண்ட் சர்வீஸ் வைத்தவன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். பேரம் அதைவிட நன்றாக வரும். சொன்ன விலைக்கு ஒரு கத்தரிக்காய் வாங்கியதில்லை. அப்படிப்பட்டவன் உன்னோடு ஒரே ஒரு விஷயத்தில் பேரம் பேசப் போவதில்லை. அது எது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நீ போன பிறகு நடந்ததைக் கேள்.

நீ வெட்டிய கல்லில் இரண்டு வரிதான், இங்கிலீஷில். ஜெர்மன் சண்டைக்கு இந்தக் கிராமத்திலிருந்து 69 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள். அவ்வளவுதான். பேர் இல்லை. ஒரு பேர்கூட இல்லை. இராக்கில் பசரா என்ற ஊர்ப் பக்கம் ஆற்றுக்குப் பாலம் போடவும் பள்ளம் தோண்டவும் போனவர்கள் என்று மட்டும் ஊரில் வாய்ப்பேச்சு இருந்தது. அவர்களைத் தெரிந்தவர்கள் இருந்தவரைக்கும் பேர்களும் இருந்தன, அவர்கள் போனதும் பேர்களும் போயின, எண் மட்டும் மிஞ்சியது. பேர் தெரியாத சாவுக்கு எப்படிப் படையல் வைப்பது என்று ஊர் யோசித்து, எண்ணையே சாமியாக்கிக் கல்லுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து, பதினாலார் கோயில் என்று பேரும் வைத்துவிட்டது. ஆடி மாசம் இரண்டாம் ஞாயிறு உச்சிப் பொழுதில் பதினாலு இலை விழும். யாருக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாததால் பதினாலு இலைக்கும் ஒரே படையல்தான்: பொங்கல், வடை, ஒரு வாழைப்பழம்.

இதில் எங்கள் வீட்டுச் சங்கதி வேறு. போனது அறுபத்தொன்பது. திரும்பி வந்து, நிலம் வாங்கி, பிள்ளை பெற்றது ஐம்பத்துநாலு. கல்லில் ஏறியது பதினாலு. கூட்டிப் பார், ஒருத்தன் குறைகிறான். செத்தவன் கணக்கிலும் இல்லை, வந்தவன் கணக்கிலும் இல்லை என்றால் அவன் யார்? ஓடிப்போனவன். அந்த ஒருத்தன் என் பாட்டனுக்கு அப்பன். ஓடியான் என்றார்கள். ஓடியான் பெண்டாட்டி, ஓடியான் மகன், ஓடியான் வீடு என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அந்த மனுஷனுக்குத் தாய் வைத்த பேர் என்னவென்று எங்கள் வீட்டுக்குள்ளேயே ஒருத்தருக்கும் தெரியாமல் போய்விட்டது. படையல் அன்று எங்கள் வீட்டார் கோயில் கயிற்றுக்கு இந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும். நான் செட்டு வைத்த பிறகு ஒரு சலுகை கிடைத்தது: செட்டு உள்ளே போகலாம், செட்டுக்காரன் வெளியே.

கோயில் தர்மகர்த்தா துரைக்கண்ணு, பட்டாளத்தில் அவுல்தாராக இருந்து வந்தவர், ஊருக்கே அவுல்தார். கெட்டவர் இல்லை. ஒழுங்கு ஒழுங்கு என்று சாகிற ஆள். கல்லில் என்ன இருக்கிறதோ அதுதான் அவருக்குச் சட்டம். என்னை அவர் ஓடியான் என்று ஒருநாளும் சொன்னதில்லை. கயிற்றை மட்டும் ஒவ்வொரு வருஷமும் தன் கையாலேயே கட்டுவார்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் சென்னைத் துறைமுகக் கிடங்கில் ஒரு ஏலம். இங்கிலாந்தில் குடியேறிய தீவுக்காரர்கள், கிரிக்கெட்டில் நாம் வெஸ்ட் இண்டீஸ் என்கிறோமே அவர்கள், தெருவில் நிறுத்திப் பாட்டு போட்ட ஸ்பீக்கர் பெட்டிகள் நாலு, ஒவ்வொன்றும் நெல் குதிர் உயரம். இதில் பேஸ் என்கிற அடித்தொண்டை மட்டும்தான் வரும், மேல் சத்தம் வராது, அதனால் இது பாதிப் பெட்டி என்று காலையிலிருந்து வாதாடி, ஏலக்காரன் தலையில் கை வைத்து உட்கார்ந்த பிறகு நாலையும் லாரியில் ஏற்றினேன். ஊருக்கு வந்து பின்பக்கப் பலகையைக் கழற்றினால் பஞ்சுக்குள் ஒரு இசைத்தட்டு. அட்டையில் ஒரு பழைய போட்டோ: காக்கி உடுப்பில், கையில் மண்வெட்டியோடு, கறுத்து மெலிந்த ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள்.

படையல் அன்று அம்மன் பாட்டெல்லாம் இருந்த பென் டிரைவை என் பெண்டாட்டி சுலோச்சனா சட்டையோடு சேர்த்து ஊற வைத்துத் துவைத்துவிட்டாள். அவளைத் திட்டி முடிப்பதற்குள் உச்சிப் பொழுது வந்துவிட்டது. இருந்தது அந்தத் தட்டு ஒன்றுதான். புதுப் பெட்டியின் பேஸ் எப்படி இருக்கிறது என்று பாருங்கள் அவுல்தாரே என்று சமாளித்தேன்.

"பேஸாவது மண்ணாங்கட்டியாவது, சாமிப் பாட்டு வருமா வராதா?" என்றார் அவர். மண்ணாங்கட்டி என்று சொல்லாமல் அவருக்கு ஒரு பேச்சு முடியாது.

கடையில் கிடந்த பழைய ரெக்கார்டு பிளேயரில் தட்டைப் போட்டு முள்ளை வைத்தேன். பாட்டுக்காரன் இரண்டு வரி பாடினான், மூன்றாவது வரியில் காணாமல் போனான். அந்தப் பாட்டின் தொழிலே அதுதான் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. டப் என்கிறார்கள். பாடுகிறவனை வெளியே அனுப்பிவிட்டு அவன் நின்ற இடத்தை மட்டும் வைத்துக்கொள்வார்கள். கிட்டாரை ஒரு வெட்டு வெட்டி எக்கோவில் தூக்கிப் போடுவார்கள், அது தெருக்கோடி வரைக்கும் போய்த் திரும்பும். அடியில் பேஸும் முரசும் மட்டும் நடந்துகொண்டே இருக்கும், கால் ஓய்ந்தவன் நடப்பது போல, ஆனால் நிற்காமல். ஒரு ஆளை எடுத்துவிட்டால் அவன் இல்லாத இடம் எவ்வளவு பெரியது என்று காட்டுகிற பாட்டு.

"இன்னாடா ரத்தினம், பாடுறவன் எங்க பூட்டான்?" என்றார் அவுல்தார்.

வெற்றிலை போடப் போயிருப்பான், வருவான் என்றேன். அப்போது அந்தக் காலி இடத்தில், பேஸுக்கு மேலே, எக்கோவுக்கு நடுவே, நம்ம பக்கத்துத் தமிழில் ஒரு குரல் கூப்பிட்டது. "தொப்ளான்." பேர் கூப்பிட்டுப் பழகிய குரல், அவசரமில்லாத குரல். உடனே இன்னொரு குரல், ஆற்றுக்கு அக்கரையிலிருந்து சொல்வது போல, "ஆஜர்" என்றது. ஆஜர் ஆஜர் ஆஜர் என்று அது புளியமரத்தைச் சுற்றி வந்தது. அது அடங்குவதற்குள் அதே குரல், "நெத்திலிக் கருவாடு" என்றது. பிறகு பாட்டுக்காரன் திரும்பி வந்து மிச்சத்தைப் பாடினான்.

யாரும் அலறவில்லை. யாரும் மயங்கி விழவில்லை. பொங்கல் கிண்டிக்கொண்டிருந்த பச்சையம்மா, நாற்பது வருஷமாகப் பதினாலு இலைக்கும் சமைத்த கை, கரண்டியைப் பானை மேல் சாய்த்து வைத்துவிட்டு, எந்தத் தொப்ளான், மேட்டுத்தெருத் தொப்ளான் வகையறாவா என்று பொதுவாகக் கேட்டாள். மேட்டுத்தெருவிலிருந்து இரண்டு பேர், ஆமாம், எங்கள் கொள்ளுத்தாத்தன் பேர் அதுதான், சண்டையில் செத்தவர் என்றுதான் தெரியாது என்றார்கள். பச்சையம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"நூறு வருசமா கருவாடு கேக்குற ஆளுக்குப் பொங்கலைப் போட்டுக்கினு இருந்திருக்கோமே" என்றாள். "எந்த வாயால துன்னிருக்கும் அது."

அன்றைக்கே ஆள் அனுப்பி குடியாத்தம் சந்தையில் நெத்திலி வாங்கி வந்து, முதல் இலையைத் தனியாக மாற்றிப் போட்டார்கள். ஒரே மாதிரி இருந்த பதினாலில் ஒன்று வேறானது. தட்டைத் திரும்பப் போடச் சொன்னார்கள். போட்டேன். பாட்டு வந்தது, காலி இடம் வந்தது, ஆனால் குரல் வரவில்லை. மறுநாள் உச்சிப் பொழுதில் போட்டால் அடுத்த பேர் வந்தது. ஒரு நாளைக்கு ஒரு பேர், உச்சிப் பொழுதில் மட்டும். அதுதான் ஏற்பாடு என்று ஊர் புரிந்துகொண்டு, தண்ணீர் எந்த நாளில் வரும் என்று தெரிந்து குடம் வைப்பது போல, அதற்குத் தகுந்த மாதிரி தன் வேலைகளை மாற்றிக்கொண்டது.

பன்னிரண்டு மணிப் பேருந்து புளியமரத்தடியில் இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு பேர் கேட்டுவிட்டுத்தான் கிளம்பும், ஏறிய வெளியூர்க்காரர்களுக்கு நடத்துனரே விளக்கம் சொல்வார். பால் சொசைட்டியில் ஊற்றும் நேரம் மாறியது. வாசல் கூட்டுகிற பெண்களின் விளக்குமாறு தாளத்தில் விழாமல் தாளத்துக்கு அடுத்த இடத்தில் விழ ஆரம்பித்தது, அதுதான் அந்தப் பாட்டின் நடை, வாசலைப் பார்த்தாலே யார் தவறாமல் கேட்கிறார்கள் என்று தெரியும். என் ஆம்ப்ளிக்கு யாரோ மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டார்கள். சூடாகிறதே என்று ஒரு வீட்டார் தினமும் விசிறியோடு வந்து அதற்கு வீசினார்கள்.

ஐந்தாம் நாள் வந்த வீராசாமியை இரண்டு தெரு உரிமை கொண்டாடியது, கைகலப்பு வரைக்கும் போனது. அவர் கேட்டது புளிச்சக்கீரை. கீழத்தெரு வீட்டில் யார் நினைவாக விட்டார்கள் என்றே தெரியாமல் நாலு தலைமுறையாக அந்தக் கீரையை வாசற்படி ஏற்ற மாட்டார்கள் என்று பச்சையம்மா சொன்னதும் வழக்கு முடிந்தது. ஒருத்தர் சுருட்டு கேட்டார். ஒருத்தர் ஆஜர் சொல்லிவிட்டு வெகுநேரம் யோசித்து, எதுவானாலும் சரி, சூடா இருக்கட்டும் என்றார். எட்டாம் நாள் "குப்பை" என்று குரல் கூப்பிட, "ஆஜர், கேழ்வரகுக் களி" என்று பதில் வர, பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரித்தார்கள். பச்சையம்மா கரண்டியை ஓங்கினாள்.

"சிரிக்காதீங்க. முன்ன பொறந்தது ரெண்டு மூணு தங்காம பூட்டா அப்பிடித்தான் பேரு வெப்பாங்க. குப்பைன்னும் பிச்சைன்னும் மண்ணுன்னும் கூப்பிட்டா எமன், ச்சீ இது இன்னாத்துக்குன்னு வுட்டுட்டுப் பூடுவான். அது பெத்தவ வெச்ச காவல்."

எமன் விடவில்லை, பசரா வரைக்கும் போய்ப் பிடித்திருக்கிறான். ஆனால் ஊருக்கு அழுகை வரவில்லை. நூறு வருஷம் கழித்து விருந்தாளி வந்தால் அழுவார்களா? அடுப்பைத்தான் பார்ப்பார்கள்.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நீ கேட்கவில்லை. நீ எதையும் கேட்பவன் இல்லை. நான் கயிற்றுக்கு வெளியே நின்று, ஒவ்வொரு பேருக்கும், இது எங்களுடையதா என்று காத்திருந்தேன். பேர் தெரியாதவன் எதை வைத்துக் கண்டுபிடிப்பான்? யாரும் உரிமை கொண்டாடாத பேர் ஒன்று வந்தால் அது எங்களுடையது என்று கணக்குப் போட்டிருந்தேன். வரவில்லை. பதினாலு பேருக்கும் பதினாலு வீடு இருந்தது. பதினாலாம் நாள் ஊர் கும்பிட்டு, பேர்களைக் கோயில் சுவரில் பெயிண்டால் எழுதி, மனசு நிறைந்து கலைந்தது. பதினைந்தாம் நாள் உச்சிப் பொழுதில் நானும் சுலோச்சனாவும் மட்டும் தட்டைப் போட்டோம். பாட்டுக்காரன் போனான், காலி இடம் வந்தது. கூப்பிடுவதற்கு முன் ஒருத்தன் மூச்சு இழுப்பானே, அந்த மூச்சு மட்டும் கேட்டது. பேர் வரவில்லை. ஆஜர் வரவில்லை. பேஸ் நடந்து போய்விட்டது.

அன்று நான் பெட்டியை எட்டி உதைத்தேன். கால் வீங்கியதுதான் மிச்சம்.

பள்ளிக்கூடத்து ஜெபமணி டீச்சர்தான் தட்டின் அட்டையைப் படித்து, பாட்டைச் செய்தவர் பேர் எஸ்ரா, இங்கிலாந்தில் இருக்கிறார், இது அவர் தாத்தா போன சண்டையைப் பற்றிய தட்டு என்று சொல்லி, ஊர் சார்பாக ஒரு கடிதம் எழுதினார். நன்றி என்று எழுதுங்கள் என்றது ஊர். எதற்கு நன்றி என்று விளக்க டீச்சருக்கு மூன்று பக்கம் ஆனது. நான்கு மாசம் கழித்துப் பதில் வந்தது. டீச்சர் அதைப் புளியமரத்தடியில் தமிழில் சொன்னார், நான் கேட்டபடி சொல்கிறேன்.

எஸ்ராவின் தாத்தா ஜோஷுவா, தீவிலிருந்து அந்தச் சண்டைக்குப் போனவர். துப்பாக்கி கொடுப்பார்கள் என்று போனவருக்கு மண்வெட்டி கொடுத்தார்கள். பசரா பக்கம் ஆற்றங்கரையில் காய்ச்சல் கண்ட ஆட்களின் கூடாரத்துக்குப் பக்கத்தில் அவர்களுக்கு வேலை, குழி தோண்டுவது. அந்தக் கூடாரத்தில் ஒருத்தன், மதியச் சாப்பாட்டு நேரத்தில் தன் ஊர் ஆட்களின் பேரைக் கூப்பிடுவான், ஆஜர் சொல்லிவிட்டு ஒவ்வொருத்தனாக வந்து தட்டை நீட்டுவான். ஒருத்தன் செத்தான், மறுநாளும் அவன் பேரைக் கூப்பிட்டான். இரண்டு பேர் செத்தார்கள், கூப்பிட்டான். கடைசியில் பதினாலு பேரும் குழிக்குள் போன பிறகும் உச்சிப் பொழுதில் வெளியே வந்து நின்று பதினாலு பேரையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பதில் வராத அந்த இடைவெளியைத் தாங்க முடியாமல் தீவுக்காரர்கள், பாஷை தெரியாதவர்கள், செத்தவர்களுக்குப் பதிலாகத் தாங்களே ஆஜர் சொன்னார்களாம். சொன்னால்தான் அவன் போய்ச் சாப்பிடுவானாம். ஒரு நாள் மதியம் அவன் வரவில்லை. அவனுக்கும் குழி தோண்டியது ஜோஷுவாதான். குழிக்கு மேல் நின்று கூப்பிட வாய் திறந்தவருக்குப் பேர் தெரியவில்லை. பேர் கூப்பிடுகிறவன் தன் பேரை ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

ஊருக்குத் திரும்பிய ஜோஷுவா சாகும்வரை சாப்பாட்டுக்கு முன் பதினாலு சொல் சொல்வாராம், வீட்டார் அதை ஜெபம் என்று நினைத்திருந்தார்களாம். எஸ்ரா எழுதியிருந்தார்: பதினாலு சொல்லுக்குப் பிறகு தாத்தா ஒரு மூச்சு இழுத்து நிறுத்துவார், அந்த நிறுத்தத்தைத்தான் நான் தட்டில் காலியாக விட்டேன், அது அவனுடைய இடம்.

டீச்சர் கடிதத்தை மடித்தார். பதினாலு நாளும் நாங்கள் எல்லோரும் பதில் சொன்னவர்களையே கேட்டுக்கொண்டிருந்தோம். கூப்பிட்டது யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கயிற்றைத் தாண்டி உள்ளே போய்விட்டேன். கூப்பிட்டது எங்கள் பாட்டனுக்கு அப்பன், அது ஓடின கால் இல்லை, நின்ற கால், பதினைந்தாம் இலை போடுங்கள் என்றேன். கெஞ்சவில்லை, கத்தினேன். இருபது பேர் ஆமாம் என்றார்கள், இருபது பேர் தரையைப் பார்த்தார்கள். அவுல்தார் நிதானமாகத்தான் பேசினார்.

"ரத்தினம், உன் கணக்கு தப்புன்னு நான் சொல்லல. ஆனா பேரு இல்லாத ஆளுக்கு எலை எப்பிடிடா போடறது? இப்பதான் பதினாலுக்கும் பேரு வந்து எலை எலையா நிக்குது. கல்லு பதினாலுன்னுது. சாமி பேரே பதினாலாரு. உங்க ஆளு பேரைச் சொல்லு, நானே எலை அறுத்துப் போடறேன்."

பேரைக் கொண்டு வா என்கிறார், என்னிடம் பேர் இல்லை. தாலுகா ஆபீஸ், பட்டாளத்து ஆபீஸ், எங்கள் உறவு இருக்கிற பதினோரு ஊர், எல்லாம் அலைந்தேன். எங்கும் ஓடியான்தான் இருந்தான். உச்சிப் பொழுதில் மைக்கைத் திறந்து வைத்து எக்கோவைத் தூக்கிவிட்டு, "ஓடியான்" என்றும் கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் வரவில்லை. வராததற்குச் சந்தோஷப்பட்டேன்.

அடுத்த ஆடி வந்தது. பதினாலு இலையும் பதினாலு விதமாக, கருவாடும் களியும் கீரையும் சுருட்டுமாக, கோயிலே கல்யாண வீடு போல மணந்தது. நான் கயிற்றுக்கு வெளியே, ஆம்ப்ளிக்குப் பக்கத்தில், பதினைந்தாவதாக ஒரு இலையைப் போட்டேன். என்ன பிடிக்கும் என்று தெரியாததால் சுலோச்சனா அதில் தண்ணீர் மட்டும் தெளித்தாள். ஊர் பார்த்தும் பார்க்காதது போல இருந்தது. நான் தட்டைப் போட்டேன். பாட்டுக்காரன் இரண்டு வரி பாடிவிட்டுப் போனான். படையலை அறிவிக்க மைக்கைக் கையில் எடுத்த அவுல்தார் அப்போதுதான் இலையைப் பார்த்தார். முகம் சிவந்தது. மைக்கைக் கீழே இறக்கவும் மறந்து, எக்கோ திறந்திருப்பதையும் மறந்து, அந்தக் காலி இடத்துக்குள் கத்தினார்.

"பேரும் இல்ல, ஊரும் இல்ல, பதினஞ்சாம் ஆளாம், மண்ணாங்கட்டி!"

மண்ணாங்கட்டி, ணாங்கட்டி, கட்டி, ட்டி என்று அது நாலு பெட்டியிலும் உருண்டு, புளியமரத்தைச் சுற்றி, ஏரிக்கரை வரைக்கும் போய் நின்றது. பேஸ் மூன்று அடி நடந்தது.

"ஆஜர்."

கூப்பிட்ட குரல். பதினாலு நாள் பதினாலு பேரைக் கூப்பிட்ட அதே அவசரமில்லாத குரல். இப்போது பதில் சொன்னது. எல்லோரும் என்ன சாப்பாடு கேட்கப் போகிறது என்று காத்திருந்தார்கள். அது கேட்டது இதுதான்:

"எல்லாரும் சாப்ட்டாங்களா?"

அவுல்தார் விறைப்பாக நின்றார். யாரும் சொல்லாமல் குதிகால் இரண்டும் சேர்ந்துகொண்டன. மைக் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. என் வீட்டு ஆட்களை அவர் வாயால் மரியாதையாகக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

"சாப்ட்டாங்க" என்றார். "நீங்க உக்காருங்க."

பாட்டுக்காரன் திரும்பி வந்து மிச்சத்தைப் பாடினான். பச்சையம்மாதான் முதலில் பேசினாள், யாரைப் பார்த்தும் இல்லாமல், கரண்டியைப் பார்த்து.

"அவனுக்கு முன்ன எத்தினி தங்காம பூட்டுதோ. குப்பைகூடப் போதாதுன்னு மண்ணாங்கட்டின்னு வெச்சிருக்கா பெத்தவ" என்றாள். "அன்னிக்கு எழுத வந்தவன் கடைசியா, வேற யாருனா உண்டான்னு கேட்டிருப்பான். மண்ணாங்கட்டின்னு சொல்லியிருப்பாங்க. அவன் திட்டுறாங்கன்னு நெனச்சிருப்பான்."

இப்போது புரிகிறதா? வேறு யாராவது உண்டா என்று நீ கேட்டாய். மண்ணாங்கட்டி என்று ஊர் சொன்னது. வேறு ஒரு மண்ணும் இல்லை என்று நீ எடுத்துக்கொண்டு, கோடு போட்டுக் கணக்கை மூடிவிட்டாய். ஒரு தாய் எமனை ஏமாற்ற வைத்த பேர், எமனை ஏமாற்றாமல் உன்னை ஏமாற்றிவிட்டது. வசவையா ஐயா, ஆளின் பேரையா சொல்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருந்தால், நாலு தலைமுறை கயிற்றுக்கு வெளியே நின்றிருக்காது. ஊர் மேல் எனக்குக் கோபம் இருந்தது. தன் வாயால் சொன்னதை மறந்து உன் கல்லை நம்பியதே என்று. அது அன்றோடு போய்விட்டது. அவுல்தார் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, தோட்டத்துக்குப் போய்த் தன் கையால் தலைவாழை இலை ஒன்று அறுத்து வந்து, வரிசையின் கடைசியில் போடாமல் முதலில் போட்டார். கூப்பிடுகிறவன் முன்னால்தான் நிற்க வேண்டும் என்றார். பதினாலு இலையிலிருந்தும் ஒவ்வொரு பிடி எடுத்துப் பதினைந்தாம் இலையில் வைத்தாள் பச்சையம்மா. எல்லோரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடுகிறவனுக்கு எல்லோருடைய சாப்பாடும்தான் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. சுலோச்சனா அன்றைக்குத்தான், கல்யாணமாகி வந்த இருபத்திரண்டாம் வருஷம், அந்தக் கோயிலுக்குள் உட்கார்ந்து அழுதாள்.

அந்த மண்ணாங்கட்டிக்கு நான் நன்றி சொல்கிறேன். தன் பசியைக் கேட்காமல் பதினாலு பேர் பசியைக் கேட்டு நின்றாரே, அதற்கு. பாஷை தெரியாமல் ஆஜர் சொன்ன தீவுக்காரர்களுக்கு நன்றி. அவர்கள் சொல்லாமல் இருந்திருந்தால் எங்கள் ஆள் இன்னும் சில நாள் முன்பே சாப்பிடாமல் செத்திருப்பார். அர்த்தம் தெரியாத பதினாலு சொல்லை ஜெபம் போல வைத்திருந்த ஜோஷுவாவுக்கு நன்றி. அவருக்கும் ஆடியில் ஒரு இலை உண்டு, வறுத்த மீனோடு, வடக்குப் பார்த்து. விருந்தாளியை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. தெரியாத பேரை இட்டு நிரப்பாமல் காலியாக விட்டு வைத்த எஸ்ராவுக்கு நன்றி, கைவேலை தெரிந்தவன் என்றால் அவர்தான். வாய் தவறித் திட்டிய அவுல்தாருக்கும் நன்றி, அவர் இப்போதெல்லாம் அந்தச் சொல்லை எழுந்து நின்றுதான் சொல்கிறார். பென் டிரைவைத் துவைத்த என் பெண்டாட்டிக்கு நன்றி. புங்கனேரியில் இந்த வருஷம் பிறந்த மூன்று ஆண் பிள்ளைகளுக்கும் மண்ணாங்கட்டி என்றுதான் பேர், பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது டீச்சர் பாடு திண்டாட்டம்தான்.

மிச்சம் இருப்பது நீ ஒருத்தன்.

கல்லில் இன்னும் பதினாலுதான் இருக்கிறது. பக்கத்தில் பெயிண்டால் எழுதிக்கொள்ளலாமே, சுலபமான வேலையாயிற்றே என்று சிலர் சொன்னார்கள். நான் விடவில்லை. நாங்கள் எழுதினால் அது எங்கள் ஆசை, நீ எழுதினால்தான் அது உன் தப்பு. நாலை அஞ்சாக மாற்ற முடியாது, இழைத்துப் பார்த்தேன், கல் கொள்ளாது. புதுக் கல்தான் வேண்டும். பதினைந்து என்று வெட்டு, பதினைந்து பேரையும் வெட்டு, முதல் பேர் எது என்று உனக்கே தெரியும். நீ செத்துப் போயிருக்கலாம், அது எனக்குப் பெரிதில்லை, செத்தவர்கள் பதில் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். உன் நாற்காலியில் இப்போது எவன் உட்கார்ந்திருக்கிறானோ அவனும் நீதான். இதில் பேரம் கிடையாது. பதினாலரைக்கு முடித்துக்கொள்ளலாம் என்று வராதே.

ஆடி இரண்டாம் ஞாயிறு, உச்சிப் பொழுது. பெட்டி நாலும் தயாராக இருக்கின்றன, எக்கோவைத் தூக்கிவிட்டிருக்கிறேன், பாட்டுக்காரன் இரண்டு வரி பாடிவிட்டு வெளியே போவான். உன் பேர் எனக்குத் தெரியாது, அதனால் பேர் சொல்லாமல்தான் கூப்பிடுவேன். கூப்பிட்டால் உளியை எடுத்துக்கொண்டு வா. வந்து, ஆஜர் சொல்.